அம்பாசடர் ஆட்டவியல்

அம்பாசடர் வைத்திருப்போர் இரு திறத்தார். விற்க மனமில்லாதவர் ஒரு திறம். விற்க மனமிருந்தும் வாங்க ஆள் கிடைக்காதவர் மறு திறம். இருவருக்கும் பொதுவான கடமையாகிய ஷாக் அப்சார்பர் மாற்றுதலே இந்நூல் நுவலும் பொருள். நூல் வழங்கும் நிலம் கொல்கத்தாவின் காளிகாட்; அதற்கு எல்லை, வடக்கே ஹாஸ்ரா, மேற்கே ஆதிகங்கை, தெற்கே ராஷ்பிகாரி அவென்யூ. கிழக்கெல்லையை லேக் மார்க்கெட் காபித்தூள் வாசனை எட்டும்வரை நீட்டிக்கொள்வது நம்மவர் வழக்கு.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழித்தோன்றலாய் உத்தர்பாராவில் பிறந்து, 2014 மே மாதத்தோடு பிறப்பொழிந்தது இவ்வண்டி. முன்னே டார்ஷன் பார், பின்னே லீஃப் ஸ்பிரிங் பட்டை. இவை பள்ளத்தை வாங்கிக்கொள்ளும். வாங்கியபின் ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தை அடக்குவதே ஷாக்கின் தொழில். உள்ளே பிஸ்டன் சிறு துளைகள் வழியே எண்ணெயைத் தள்ள, ஆட்டம் சூடாகிக் கழியும்.

ஆட்டம் நால்வகைத்து: பிரேக் பிடித்தால் மூக்குக்குத்தல், பள்ளம் தாண்டியபின் தொட்டிலாடல், வளைவில் சாய்தல், தடதடத்தல். முதல் மூன்றும் பெரும்பாலும் ஷாக்கின்பாற் படும். நான்காவதில்தான் மெக்கானிக்குகளுக்கும் எமக்கும் வழக்கு. ரப்பர் புஷ் தேய்ந்தாலும் பட்டையின் ஷாக்கிள் தளர்ந்தாலும் அதே தடதடப்பு வரும். சில நூறு ரூபாய் ரப்பரில் தீர வேண்டியதைச் சில ஆயிரத்துக்கு ஏற்றுவோர் உளர். ஆகவே முதலில் சோதனை: மட்கார்டின் மூலையை இரு கையாலும் அமுக்கி விடுக. எழுந்து ஒருமுறை தாழ்ந்து நின்றால் உயிர் உண்டு. காளி கோயிலுக்கு வந்த கூட்டம் நின்று பார்க்குமளவு குதித்தால் இல்லை. குழல்மேல் லேசான ஈரம் குற்றமன்று. வழிந்து தூசி அப்பியிருந்தால் காலம் முடிந்தது.

இனி வாங்குவன. உள்ளீட்டால் எண்ணெயது, வாயுவது என இரண்டு. வாயுவதிலும் எண்ணெய் உண்டு. நைட்ரஜன் அதை நுரைக்கவிடாது. நெடுந்தூரம் விரைவோருக்கு அது நன்று. ரிக்‌ஷா முந்திச் செல்லும் சந்தில் எண்ணெய் நுரைக்க வழியேது? இவ்வூருக்கு எண்ணெயதே போதும். பழைய உடம்புக்கு அதன் மென்மையும் ஒக்கும்.

பிறப்பால் புதியது, பழையது, பழையதில் பெயின்ட் அடித்தது என மூன்று. பழைய உதிரிப்பாகம் விற்கும் மல்லிக் பஜாரில் கதவுக் கைப்பிடி வாங்குக, விளக்கு வளையம் வாங்குக, விலை பேசும் இன்பத்துக்காக மட்டுமே கூடப் போய்வருக. ஷாக் மட்டும் அங்கே பழையது வேண்டா. பெயின்ட் குழலை மறைக்கும், தண்டை மறைக்காது. குரோமில் கீறலோ துருவோ இருந்தால் அது எண்ணெய் சீலைக் கிழித்தே தீரும். புதியதையும் கடையிலேயே நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்து அமுக்கிப் பார்க்க; இடையில் பிடிப்பற்ற வெற்றிடம் தட்டினால் உள்ளே காற்று. நிமிர்த்தியே அமுக்க அமுக்கக் காற்று நீங்கினால் கொள்க. நீங்காவிடில் திருப்பிக் கொடுக்க.

மாட்டுகையில் முன்னிரண்டையோ பின்னிரண்டையோ சோடியாகவே மாற்றுக. ரப்பர் புஷ் உள்ள நட்டை, ஜாக்கி இறக்கி வண்டி தன் காலில் நின்றபின் இறுதியாக முடுக்கச் சொல்லுக. தொங்கும் நிலையிலேயே முடுக்கினால் புஷ் முறுகிக் கிழியும். தடதடப்புக்காக மறுபடியும் அதே மெக்கானிக்கிடம் போக வேண்டிவரும்.