ஒண்ணாம் நம்பர் யாருக்கு?

எந்த ஆய்வகத்துக்குப் போனாலும், ஆய்வுக் கட்டுரைகளை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக் மென்பொருள் தெரிந்த ஸ்காலர் ஒருவர் இருப்பார். சமன்பாடு, அட்டவணை எல்லாம் அவருக்குத் தூசு. கட்டுரைத் தலைப்புக்குக் கீழே யார் எந்தக் கல்லூரி என்று நாலு வரி வருமே, அங்கேதான் ஆள் நொந்துபோவார்.

விதி எளிது. பெயரின் தோளில் பொடி எழுத்தில் ஓர் எண். கீழே அதே எண்ணோடு முகவரி. பெயர் வரும் வரிசைப்படியே எண்ணும் வரும். இதற்கென்றே 'ஆத்பிளாக்' என்று ஒரு பேக்கேஜ் உண்டு.

கைடு வருவார். "தம்பி, மலேசியாவுல எனக்கு விசிட்டிங் போஸ்ட் இருக்குல்ல, அதை ஒண்ணாம் நம்பராப் போடு."

"சார், முதல் பேரு என்னோடது. வரிசைப்படி பார்த்தா நான் மலேசியாக்காரன் ஆயிடுவேன்."

அனுப்பும் நாள் இரவு பதினொன்றுக்கு ஹெச்.ஓ.டி. போன் செய்வார், கட்டுரையைப் படிக்காதவர், ஆனால் இரண்டாவது பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியானவர். ஆத்பிளாக்கோ, சதுர அடைப்புக்குள் நாம் போட்ட எண்ணைத்தான் அச்சிடும். ஆக, எல்லா எண்ணையும் கையால் மாற்ற வேண்டும்.

தொடர்புக்குரிய ஆசிரியருக்கு ஒரு நட்சத்திரம். அதற்கு இரண்டு பேர் போட்டி. சமபங்கு உழைத்தவர்களுக்குக் கத்திக்குறி (†). தன் பெயரில் அதைப் பார்த்த இணை ஆசிரியர் மேடம், "ஏம்ப்பா, நான் செத்துட்டேனா?" என்பார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு. செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் இயங்கும் சிஎம்எஸ் ஆய்வுக் குழு, காலமானவர் பெயருக்கு அந்தக் குறியைத்தான் போடுகிறது.

அதே சிஎம்எஸ், அங்கேயே இயங்கும் அட்லஸ் குழுவோடு சேர்ந்து 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி எழுதிய கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம். அதில் 24 பக்கம் பெயரும் முகவரியும்தான். ஐந்து பேரை வைத்துக்கொண்டு அல்லாடும் நம் ஸ்காலர் இதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்வார்.

அவர் பொறாமைப்படுவது ஒருவரைப் பார்த்துத்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், ஒற்றை ஆளாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்றே தட்டச்சு செய்துவிட்டார். தனி ஆசிரியர் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்றார்கள். முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பி, வீட்டுப் பூனையை எஃப். டி. சி. வில்லார்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராகச் சேர்த்தார். 1975-இல் கட்டுரை வெளிவந்தது. இருவருக்கும் ஒரே துறை, ஒரே முகவரி.

பூனை நட்சத்திரம் கேட்கவில்லை; வரிசையை மாற்றச் சொல்லவில்லை; இரவில் போன் செய்யவும் இல்லை. நம் ஸ்காலரைக் கேட்டால், உலகத்து இணை ஆசிரியர்களிலேயே உத்தமர் அந்தப் பூனைதான்.