மரவியாபாரியின் கலைத்தொண்டு

கேள்வி: மரங்களை வரையும் ஓவியருக்குத் தூரிகையும் வண்ணமும் இருந்தால் போதாதா?

பதில்: போதாது, பணப்பையும் வேண்டும். பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1891இல், தாம் வாழ்ந்த கிவெர்னிக்கு அருகே எப்ட் ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பாப்லர் மரங்களை, அதாவது காற்றுத் தடுப்புக்காகவும் பலகைக்காகவும் நட்டு வளர்க்கப்படும் ஒல்லியான நெடுமரங்களை, வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றுக்கு உரிமையுடைய லிமெத்ஸ் ஊராட்சி மரங்களை ஏலத்துக்கு விட்டது. ஓவியங்கள் முடியாத நிலையில் மோனே, ஏலம் கேட்கவிருந்த மரவியாபாரி ஒருவரிடம், அவர் மதிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் பணத்தைத் தாமே தருவதாகவும், அதற்கு ஈடாகச் சிறிது காலம் கோடரியை ஓய்வில் வைக்குமாறும் பேசி முடித்தார். உருவ மாதிரியாக நிற்கும் மனிதருக்குக் கூலி கொடுப்பது ஓவியர்களின் வழக்கம். அசையாமல் நிற்பதில் எந்த மனிதரையும் விஞ்சும் மரத்துக்குக் கொடுப்பதில் தவறு என்ன?

மரங்கள் அசையாவிட்டாலும் வெளிச்சம் நிற்கவில்லை. கணத்தில் கண்ணில் படும் ஒளியையும் வண்ணத்தையும் பதிவுசெய்ய முயன்ற இம்ப்ரெஷனிசப் பாணியினரான மோனே, ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியில் பல திரைகளில் தீட்டும் தொடர் ஓவிய முறையைக் கையாண்டதால், படகில் அமர்ந்தபடி, வெளிச்சம் மாறும்போதெல்லாம் திரையையும் மாற்ற வேண்டியிருந்தது. அவற்றுள் ஒரு திரைக்குரிய ஒளி ஏழு நிமிடங்களே நீடித்ததாக அவரை அறிந்த அமெரிக்க ஓவியர் லில்லா கேபட் பெர்ரி எழுதியுள்ளார். இத்தொடரில் பதினைந்து ஓவியங்கள் 1892இல் பாரிஸில் தூரான்-ரூயெல் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. மரங்கள் மரவியாபாரிக்குச் சென்றன.