கதிரைக்கும் ஒரு பாலிசி

லோசான்,
தை மாதம்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

போன கிழமை போனில “வீட்டுத் தளபாடத்துக்கு இன்சூரன்ஸ் கட்டுற நாள் வந்திட்டு” எண்டு நான் சொன்னதும் அக்கா சிரிச்ச சிரிப்பு கல்லடிப் பாலத்துக்கு அங்கால புளியந்தீவு வரைக்கும் கேட்டிருக்கும். அத்தான் பின்னால நிண்டு “கதிரைக்கு வருத்தம் வந்தா எந்த டாக்குத்தரிட்டக் கொண்டு போற?” எண்டு கேட்டதும் என்ட காதில விழுந்தது. மறுகாதான் சொன்னீங்க, உங்கட வீட்டுக்கும் ஒரு ஏஜண்ட் போம் ஒண்டோட வந்து போறார் எண்டு. இதெல்லாம் போனில விளங்கப்படுத்துற சங்கதி இல்ல. ஆறுதலா எழுதுறன், வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வைங்க.

கதிரைக்குக் காப்புறுதி எடுத்தது என்ட கொழுப்பில இல்ல, இஞ்சத்தைய சட்டம் அப்பிடி. சுவிசில 26 மாநிலம். அதில 19 மாநிலத்தில கட்டடங்களுக்குக் காப்புறுதி குடுக்கிறது மாநிலத்தின்ட சொந்த நிறுவனம்தான். நான் இருக்கிற வோ மாநிலம் கட்டடத்தோட நிக்கல்ல. வாடகை வீட்டுக்குள்ள கிடக்கிற என்ட மேசை, கட்டில், அலுமாரி, உங்கட தம்பி பொஞ்சாதியின்ட சாறி வரைக்கும் நெருப்புக்கும் இயற்கை அழிவுக்கும் 1811இல் தொடங்கின மாநில நிறுவனத்திட்டப் பதிஞ்சே ஆகவேணும். வந்த புதுசில இதைக் கேட்டு நான் சிரிச்சன். பதில் சிரிப்பு வரல்ல, பில்தான் வந்தது.

நெருப்பெண்டா இந்த ஊருக்கு அப்பிடியொரு பயம். 1405இல் பெரிய நெருப்பு ஒண்டு ஊரைத் திண்டிருக்கு. அந்தக் காலத்தில இருந்து இண்டைக்கு வரைக்கும் இஞ்சத்தைய பெரிய தேவாலயக் கோபுரத்தில இராக்காவல் இருக்கு. ஒவ்வொரு நாளும் இரவு 10 மணியில இருந்து 2 மணி வரைக்கும், மணிக்கு ஒருக்கா, காவல்காரர் நாலு திசைக்கும் திரும்பி நிண்டு நேரத்தைக் கூவிச் சொல்லுவார். இரவு பத்துக்குப் பிறகு நாங்க தேங்காய் துருவினாலே கீழ் வீட்டுக் கிழவி கதவைத் தட்டுவா. அதே ஊரில சம்பளம் குடுத்து ஒராளைக் கத்த விட்டிருக்கிறாங்க!

இயற்கை அழிவு எண்டாலும் கண்டதையும் எழுத ஏலாது. பெருவெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, பனிச்சரிவு, பாறை விழுறது எண்டு ஒன்பது சங்கதிக்குப் பட்டியல் இருக்கு. அதிலயும் புயலுக்கு ஒரு இலக்கணம். காத்து மணிக்கு 75 கிலோமீற்றருக்குக் குறையக் கூடாது. அக்கம்பக்கத்தில மரம் விழுந்திருக்கவேணும், இல்லாட்டி வீட்டுக் கூரை பறந்திருக்கவேணும். இதை வாசிக்கக்க எனக்கு 1978 கார்த்திகைதான் ஞாபகம் வந்தது. 23ஆந் திகதி இரவு நம்மட பக்கம் அடிச்ச சூறாவளிக்கு இந்த இலக்கணத்தில நூத்துக்கு நூறு கிடைச்சிருக்கும். விழுந்த தென்னை எல்லாம் சாட்சி. பெத்தாட முதிரை அலுமாரியின்ட ஒரு கால் அண்டைக்குத்தான் போனது. எந்த நிறுவனமும் வந்து பார்க்கல்ல. ஆரையம்பதி ஓடாவி வந்து பாலை மரத்தில ஒரு கால் வெட்டிப் பூட்டி, பெத்தாட கையால சோறும் திண்டு போட்டுப் போனார். கூலிக்குப் பதிலா ரெண்டு கோழி எண்டு அம்மா சொல்லுவா. அதே அலுமாரி 2004இல் தண்ணி வந்தப்போ சேறு நிறைஞ்சு நிண்ட இடத்திலயே நிண்டது. அண்டைக்கு நம்மட கரையில அலுமாரியைப் பற்றி ஆர் யோசிச்ச?

தண்ணியால வந்த பயத்திலதான் நான் இஞ்ச வீடு தேடக்க ஏரிக்கரைப் பக்கமே போகல்ல. ஊரே மலைச்சரிவில இருக்கு, மேல பார்த்து எடுத்தன். கடல் இல்லாத நாட்டில சுனாமிக்குப் பயப்பிடுறான் எண்டு கூட வேலை செய்யிறவங்க பகிடி பண்ணினாங்க. மறுகா பார்த்தா, கி.பி. 563இல் இந்த ஏரியிலயே சுனாமி வந்திருக்கு! ஏரியின்ட கிழக்கு முனைப் பக்கம் மலை சரிஞ்சு, அலை எழும்பி, லோசானில 13 மீற்றர், ஜெனீவாவில 8 மீற்றர் உயரம் வந்திருக்கும் எண்டு 2012இல் ஜெனீவா ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாங்க. அந்தக் கட்டுரையைப் படம் எடுத்து அனுப்பினன். அதுக்குப் பிறகு பகிடி நிண்டிட்டு. கல்லடிப் பொடியனுக்குத் தண்ணியின்ட குணம் தெரியும்.

சரி, விசயத்துக்கு வாறன். மாநிலக் காப்புறுதி நெருப்புக்கும் இயற்கைக்கும் மட்டுந்தான். களவுக்கும் குழாய் உடைஞ்சு வாற தண்ணிக்கும் தனியார் கம்பனியில ‘மெனாஜ்’ எடுக்கவேணும். கண்ணாடி உடைஞ்சா அதுக்கு வேற சேர்க்கை. மத்தவங்கட சாமானை நாம உடைச்சா அதுக்கு ‘எர்சே’. நம்மட சாமானை நாமளே தட்டி விழுத்தி உடைச்சா, அதுக்குத்தான் இந்த ‘காஸ்கோ’. அக்கா சிரிச்சது இதுக்குத்தான். எங்கட சாப்பாட்டு மேசைக்கு மரக் காலும் கண்ணாடித் தட்டும். எரிஞ்சா ஒரு கந்தோர், களவு போனா இன்னொரு கந்தோர், தட்டு வெடிச்சா ஒரு பக்கம், கால் முறிஞ்சா மற்றப் பக்கம், விருந்தாளி முறிச்சா விருந்தாளியின்ட கம்பனி. பிதிர்க்கடனுக்கு மாமாங்கம், அம்மைக்குக் கண்ணகியம்மன் குளிர்த்தி, நேர்த்திக்கு மண்டூர் முருகன் எண்டு நாம நம்மட வருத்தங்களைப் பிரிச்சுக் குடுத்தது மாதிரி, இவங்க ஒரு மேசையைப் பிரிச்சுக் குடுத்திருக்கிறாங்க.

காஸ்கோவுக்கு விபத்தெண்டா அது திடீரெண்டு நடக்கவேணும். மெள்ள மெள்ளத் தேயுறது, நாய் கடிக்கிறது, பூச்சி அரிக்கிறது எல்லாம் சேர்த்தியில்ல. சின்னவன் நாளுக்கு நாள் கட்டிலில துள்ளித் துள்ளி ஸ்பிரிங் தொய்ஞ்சா அது தேய்மானம், சதமும் வராது. ஒரே துள்ளில சட்டம் முறிஞ்சா அது விபத்து, புதுக் கட்டில் விலை வரும். வேணுமெண்டு முறிச்சா மோசடி எண்டபடியால அவனுக்கு நாங்க புத்தி ஒண்டும் சொல்லிக் குடுக்கல்ல. துள்ளாத எண்டு மட்டும் சொல்லுறம். அவன் அதையும் கேட்கிறதில்ல.

எர்சேயில இன்னும் விசேசம் இருக்கு. மகளின்ட பிறந்தநாளுக்கு ஊர்க்காரங்க வந்திருந்தாங்க. ஒரு மூண்டு வயசுக் குட்டி மாம்பழ ஜூஸை முழுசா சோபாவில ஊத்திட்டு. நம்மட ஊரெண்டா தாய் புள்ளைக்கு ஒரு தட்டுத் தட்டுவா, வீட்டுக்காரி “விடுங்க மச்சி, புள்ளதானே” எண்டுவா, ஒரு துணி ஈரமாகும், அவ்வளவுதான். இஞ்ச தகப்பன் எழும்பி, “அண்ணன், இதை எங்கட எர்சேயில போடுறன்” எண்டார். நான் “வேணாம், எங்கட காஸ்கோ இருக்கு” எண்டன். அவர் விடல்ல. விருந்துக்கு வந்த இடத்தில பில்லுக்குச் சண்டை பிடிக்கிற நம்மட பழக்கம் இஞ்ச பாலிசிக்கும் வந்திட்டு.

அப்பதான் எல்லாம் தெரிஞ்ச ஒரு மாமா சட்டம் எடுத்தார். சின்னப் புள்ள செய்த நட்டத்துக்குத் தாய் தகப்பன் பொறுப்பாகிறது, அவங்க புள்ளையை ஒழுங்காப் பார்த்துக் கொள்ளாட்டித்தான். பார்த்துக் கொண்டிருந்தும் நடந்திட்டெண்டா சட்டப்படி ஒருத்தரும் பொறுப்பில்ல. அதுக்கெண்டு ஒரு சேர்க்கையை எர்சேயில முன்கூட்டியே எழுதி எடுத்தாத்தான் கம்பனி காசு தரும். உண்மைதான், சுவிஸ் சட்டப் புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு. உடனே தகப்பன், “நான் பார்க்கல்ல! சத்தியமாப் பார்க்கல்ல, புரியாணி திண்டு கொண்டிருந்தன்!” எண்டு சபையில கத்தினார். பொஞ்சாதி அவரைப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்கு இந்த நாட்டில பாலிசி கிடையாது.

மறுகா கணக்குப் பார்த்தன். மத்தவன் உடைச்சா அவனின்ட எர்சே தாறது சாமானின்ட இப்பத்தைய விலை. பழைய சோபாவுக்கு அது கேக் வாங்கவும் காணாது. நம்மட புள்ள உடைச்சா காஸ்கோ தாறது புதுசு வாங்குற விலை, முதல் 200 பிராங்கை நாம போட்டா மிச்சம் அவங்க. என்ட மனுசி இதை விளங்கின நாளில இருந்து விருந்தாளிப் புள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் கோப்பை, நம்மட புள்ளைகளுக்குக் கண்ணாடிக் கோப்பை. உதவிக்கு வாறவங்களிட்டயும் அவதானம் வேணும். வீடு மாறக்க இலவசமாத் தோள் குடுக்க வந்தவன் டீவியைக் கீழ போட்டா, அவனிட்ட முழு நட்டத்தையும் கேட்க ஏலாது, உதவியெண்டபடியால பொறுப்பும் குறையும். இந்த ஒரு சட்டம் மட்டும் நம்மட ஊராள் எழுதினதெண்டு நினைக்கிறன்.

இனி ஏஜண்ட் சங்கதி. என்ட ஏஜண்ட் நல்ல பொடியன், சப்பாத்தைக் கழட்டிப் போட்டு உள்ள வருவான், பிளேன்டீ குடுத்தா குடிப்பான். வீட்டில இருக்கிற எல்லாச் சாமானுக்கும் புது விலை போட்டுக் கூட்டவேணும் எண்டு அறை அறையாத் திரிஞ்சான். கூட்டின தொகை குறைஞ்சா பிறகு வெட்டு விழும். 80,000 பிராங் சாமானை 40,000 எண்டு எழுதியிருந்தா, 2,000 பிராங் சோபா குழாய்த் தண்ணியில நாசமானாலும் 1,000தான் கையில வரும். அதுக்குப் பயந்து ஒண்டையும் விடாம எழுதினம். குசினியில அவன் திகைச்சுப் போனான். புட்டுக் குழல், இடியப்ப உரல், ஒரு கலியாணத்துக்குச் சமைக்கிறளவு சருவச்சட்டிகள். “சாப்பாட்டுக் கடை நடத்துறீங்களா? அதுக்கு வேற பாலிசி” எண்டான். ஞாயிற்றுக்கிழமை மச்சான்மார் வந்தா இது காணாது எண்டு சொன்னன். எழுதல்ல, ஆனா தலையாட்டினான்.

கடைசியா அப்பாட சாய்மனைக் கதிரைக்கு வந்தான். நான் மடிச்சுக் கட்டிக் கொண்டு வந்த அதே முதிரைச் சட்டக் கதிரைதான். துணியைத் தொட்டுப் பார்த்தான், சட்டத்தைத் தட்டிப் பார்த்தான், “தோட்டக் கதிரை, 40 பிராங்” எண்டு எழுதினான். எனக்கு இரத்தம் கொதிச்சிட்டு. முதிரை எண்டா என்னெண்டு ஒரு பிரசங்கமே வைச்சன். அவன் பொறுமையாக் கேட்டுப் போட்டு, “அப்ப பில்லைத் தாங்க” எண்டான்.

உங்கட ஏஜண்டுக்குக் கையெழுத்து வைக்க முந்தி ரெண்டு விசயம் கேளுங்க. நட்டம் வந்தா புது விலையா, பழைய விலையா? நம்மட கைக்காசு எவ்வளவு போகும்? கறையான் அரிச்சா தருவீங்களா எண்டு கேட்டு நேரத்தை வீணாக்க வேணாம், கறையான் ஒண்டையும் திடீரெண்டு செய்யிறதில்ல. வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் எண்டு சொல்லி அவர் பயம் காட்டினா, முதல்ல கிராம சேவகரிட்டயும் பிரதேச செயலகத்திலயும் போய் விசாரியுங்க. 2016இல் அரசாங்கம் தொடங்கின இயற்கை அனர்த்தக் காப்புறுதியில வீடொண்டுக்கு 25 இலட்சம் ரூபா வரைக்கும் எண்டு வைச்சாங்க, அதுக்கு வீட்டுக்காரர் பிரீமியம் கட்டத் தேவையிருக்கல்ல. அது இப்ப எப்பிடிப் போகுதெண்டு கேட்டுத் தெரிஞ்சு கொண்டு, மிச்சத்துக்கு மட்டும் எடுங்க.

அத்தானுக்கு ஒரு வேலை. ஆரையம்பதி ஓடாவியின்ட மகன் இப்ப பட்டறை நடத்துறானாமே. முதிரையில சாய்மனைக் கதிரை ஒண்டு புதுசாச் செய்ய என்ன முடியுமெண்டு ஒரு துண்டில எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் வைச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முத்திரை இல்லாட்டி ஒண்டு வெட்டச் சொல்லுங்க, செலவு என்ட. வெளிநாட்டுக்குத்தானே எண்டு விலையைக் கூட்டிப் போடவேணாம் எண்டும் சொல்லி வைங்க. அவன் கூட்டினா எனக்குப் பிரீமியம் கூடும்.

இப்படிக்கு,
உங்கட தம்பி