கரணை பிடித்த நிதியமைச்சர்

கேள்வி: டிகிரி முடித்த என் மகன் கொத்தனார் வேலைக்குப் போகிறேன் என்கிறான். குடும்ப கௌரவம் என்ன ஆவது?

பதில்: சர்ச்சில் பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்தபோதே சார்ட்வெல் வீட்டில் கரணை பிடித்தவர். 1928-ல் பிரதமர் பால்ட்வினுக்கு எழுதிய கடிதத்தில், நாளொன்றுக்கு 200 செங்கல், 2,000 சொல் என்று கணக்குக் காட்டினார். அதே ஆண்டு கட்டடத் தொழிலாளர் சங்கத்திலும் சேர்ந்தார். செல்லாது என்று சொல்லிவிட்டது சங்கத் தலைமை. பட்ஜெட் போடுகிறவருக்கே அங்கே தகுதி போதவில்லை!

உங்கள் மகன் முதலில் கையாளாகக் கலவை சுமக்கட்டும். செங்கல்லை நனைக்காமல் அடுக்கினால் கலவையின் ஈரத்தை அது குடித்துவிடும், பிடிப்பு போய்விடும். தூக்குக்குண்டு ஆடி நிற்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

வேலை பிடித்துப்போனால், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் மறக்காமல் பதிவு செய்யச் சொல்லுங்கள்.