'மட்டும்' அண்ணாச்சி

கரிசல் காட்டில் ஊருக்கு ஒரு 'மட்டும்' அண்ணாச்சி உண்டு. "ஐப்பசியில மட்டும் ரெண்டு உழவு மழை பேஞ்சிருந்தா..." என்று பருத்தியில் ஆரம்பிப்பார். "உளுந்த மட்டும் பத்து நாள் பொறுத்து வித்திருந்தா..." என்று பெருமூச்சு விடுவார். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு வருகிற வியாதிதான். எங்கள் கோவில்பட்டி அண்ணாச்சிக்கு அது முற்றி 1799 வரைக்கும் போய்விட்டது.

"செப்டம்பர் அஞ்சாம் தேதி கும்பினிக்கார பானர்மன் கட்டபொம்மனோட பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தான்ல? அன்னிக்கு மட்டும் மழை கொட்டியிருந்தா, பீரங்கி வண்டி கரிசல்ல அச்சு வரைக்கும் இறங்கியிருக்கும் தம்பி!"

இதை வாயால் சொல்வதோடு விட்டால் அவர் சாதாரண அண்ணாச்சி. இவர் டீக்கடை பெஞ்சில் போரையே நடத்திக் காட்டுவார். சீமையிலும் இப்படி ஆட்கள் உண்டு. 1936-ல் எட்டாம் எட்வர்ட் முடி துறக்காமல் இருந்து, நாடு இரண்டுபட்டு அடித்துக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி மோதவிடுவார்கள். அவர்களுக்குப் பொம்மை கடையில் கிடைக்கிறது. அண்ணாச்சிக்குப் படை திரட்டுவதே பெரும்பாடு.

முதலில் கொலுப் பொம்மைகளை இறக்கினார். யானையைவிடச் சிப்பாய் உயரமாக இருந்தான். அடுத்து, செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் பட்டாளம் வாங்கினார். எல்லார் கையிலும் மெஷின்கன். "கட்டபொம்மன் கையில இது இருந்திருந்தா நான் ஏன்டா இங்க உக்காந்து ஒப்பாரி வைக்கேன்?" என்று பேரனிடமே கொடுத்துவிட்டார்.

கடைசியில் ஊரே கைகொடுத்தது. தீப்பெட்டி ஆபீஸுக்கா பஞ்சம்? சிவப்பு மருந்துக் குச்சி கும்பினிப் பட்டாளம். கறுப்பு மருந்துக் குச்சி நம் படை. கோட்டைக்கு, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் கடலைமிட்டாய். கோட்டை விழுந்தால் தின்றுவிடலாம். 1801-ல் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மறுபடி எழுப்பினார் அல்லவா? அப்போது இன்னொரு பாக்கெட் பிரிப்பார். ஒருநாள் பீடிக்கு நெருப்புத் தேடி வந்தவர், கும்பினிக் கர்னல் அக்னியூவை உரசிப் பற்றவைத்துவிட்டார். அண்ணாச்சி அந்த ஆட்டத்தை வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

சிக்கல் வேறு இடத்தில். சிவப்புச் சட்டை போட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் இல்லை. கூலிக்குத் துப்பாக்கி பிடித்த நம் ஆட்கள். ஒரே மரம், ஒரே ஆபீஸ், முக்கியெடுத்த மருந்துதான் வேறு. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். தூக்கிலிட்டதோ, 1799 அக்டோபர் 16 அன்று, இதோ பக்கத்துக் கயத்தாறில். இதை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் அண்ணாச்சி குரலைத் தணித்துக்கொள்வார்.

கும்பினிப் பக்கம் நின்ற எட்டப்பனின் எட்டயபுரத்துக்கு மருந்தே முக்காத மொட்டைக் குச்சிகளை ஒதுக்கியிருந்தார். அந்த ஊர்க்காரர் ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "1882-ல எங்க ஊர்லதான் பாரதி பிறந்தாரு. அவருக்கும் மொட்டைக் குச்சிதானா அண்ணாச்சி?"

அன்று போர் பாதியில் நின்றது. இரு தரப்பும் கூடிக் கோட்டையைத் தின்றார்கள்.

கோவில்பட்டிப் பக்கம் வந்தால் அண்ணாச்சி உங்களையும் பட்டாளத்தில் சேரச் சொல்வார். கட்டபொம்மன் பக்கம் என்று முந்திக்கொள்ளாதீர்கள். அங்கே எப்போதும் கூட்டம். எட்டப்பன் பக்கம்தான் இதுவரை ஒருவரும் பேர் கொடுக்கவில்லை.