தூளுக்கு இங்கிலீஷ் தேடியவன்

தெரியாத இங்கிலீஷ் சொல்லைக் கண்டால் உடனே டிக்‌ஷனரியைப் புரட்டாதே, முதலில் அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார், பிறகு அதன் பூர்வீகத்தை விசாரி என்று பதுளை டியூசன் வகுப்பில் சேர் சொல்லித்தந்தார். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான் என்று சட்டென்று பிடித்துக்கொண்டேன். அப்படி விசாரித்துச் செய்த கல்யாணங்களின் இலட்சணத்தை அன்றைக்கு யோசிக்கவில்லை.

நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறக்காதவர் என்றால் இந்த விசாரணையில் உங்களுக்குப் பாதி ஆபத்து குறைவு. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தோட்டம் வாங்குவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, துரைமாரின் இங்கிலீஷ் எங்களிடம் குடிவந்துவிட்டது. நாங்கள் குடியிருக்கிற லயம் என்பது 'லைன்'. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, 'பரேட்' என்கிறார்கள். பேர் பதிகிற செக்ரோல், தேயிலை ஆக்குகிற ஸ்டோர் எல்லாமே சுத்தத் தமிழ் என்று நம்பி வளர்ந்தவன் நான். இலக்கணப் பாடத்தில் 'ஸ்டோருக்கு' சந்தி பிரிக்கவும் பார்த்தேன்.

கண்டக்டர் என்றால் எங்கள் தோட்டத்தில் மலை வேலை முழுவதையும் மேற்பார்க்கிற பெரிய உத்தியோகத்தர். எதிரே வந்தால் ஒதுங்கி நிற்போம். பசறை பஸ்ஸில் யாரோ 'கண்டக்டர்' என்று கூப்பிட்டதும் சீட்டை விட்டு மரியாதையாக எழுந்தேன். அவர் "இஸ்ஸரஹட்ட யன்ன", முன்னுக்குப் போங்க என்று சிங்களத்தில் சொல்லி, முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். என் சீட்டில் வேறொருவர் பதுளை வரை சுகமாக வந்தார்.

பெரிய அடி விழுந்தது 'விதரிங்' என்ற சொல்லில். குறும்பு செய்த பையனை அதிபர் 'விதரிங் லுக்' விட்டுப் பார்த்தார் என்று பாடத்தில் ஒரு வரி. மற்றப் பிள்ளைகள் திணறினார்கள். நான் திணறவில்லை. ஸ்டோர் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து ஃபேன் காற்று விட்டு ராத்திரி முழுக்க வாட்டுவார்களே, அதுதான் விதரிங். காலையில் ஒரு பிடி அள்ளி அமுக்கினால் பந்து மாதிரி அப்படியே நிற்கும், காம்பு ஒடியாமல் வளையும், பழ வாசனை அடிக்கும். ஆகவே எழுதினேன்: "அதிபர் அவனை மென்மையாகவும் மணமாகவும் பார்த்தார்."

சேர் கொப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சொல்லின் பொருள் அப்போது சூழலிலிருந்தே தெளிவாக விளங்கிவிட்டது.

சேரிடம் வாங்கிய பார்வையோடு பூர்வீகத்தையும் விசாரித்தேன். 'வெதர்' என்ற சொல்லின் இன்னொரு உருவம்தான் 'விதர்'. காற்றிலும் வெயிலிலும் கிடந்து வாடுவது. எங்கள் ஊவா மாகாணத்தில் இருப்பவனுக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்து மலையிலேயே பெய்து தீர்ந்துவிடும், ஜூலை முதல் செப்டெம்பர் வரை எங்களுக்கு வருவது வறண்ட கச்சான் காற்றுதான். கொழுந்து செடியிலேயே பாதி வாடிவிடும், அந்த வாசத்துக்காகவே ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை. அதே காற்றில் வெடிக்கும் எங்கள் உதட்டுக்கு யாரும் விலை கேட்டதில்லை.

பதுளை ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பழைய சிநேகிதியைத் தற்செயலாகக் கண்டதாகச் சொல்லி, "செரண்டிபிட்டி!" என்றார். கடைசியில் 'பிட்டி' கேட்டதா, பரிதாபம் என்று பிரித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க மேடம்" என்றேன். 1754இல் ஹொரஸ் வால்போல் ஒரு கடிதத்தில் அந்தச் சொல்லை உண்டாக்கியது செரண்டிப் நாட்டு இளவரசர்கள் கதையிலிருந்து. செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். சொந்த நாட்டுப் பெயரிடமே துக்கம் விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

'ஆரஞ்சு பீக்கோ' விஷயத்தில் குற்றத்துக்குச் சாட்சியும் உண்டு. கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரருக்கு பி.ஓ.பி., அதாவது புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ, தேத்தண்ணி கொடுத்து, இதில் தோடம்பழத் தோல் சேர்ப்பார்கள் என்று விளக்கினேன். பீக்கோ சீனச் சொல், மொட்டின் வெள்ளைப் பூமயிரைக் குறிப்பது. ஆரஞ்சுக்கும் பழத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவர் கண்ணை மூடி உறிஞ்சி, "ஆமா, லேசா வாசம் வருது" என்றார். எனக்காவது தெரியாது, அவருக்கு மரியாதை.

ஆரஞ்சு என்ற சொல்லே நம் நாரத்தைக்குச் சொந்தம் என்று அறிஞர்கள் சொல்வதைப் பிறகு படித்தேன். சந்தோஷத்தில் வீட்டுக்காரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஊறுகாய் முடிஞ்சுபோச்சு, டவுனுக்குப் போனா வாங்கிட்டு வாங்க" என்றாள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஸ்டோரில் கிளார்க் வேலைக்குப் போனேன். உருட்டி உடைத்துச் சலித்த கொழுந்துக்குக் கணக்கு எழுத வேண்டும். வேலையாட்கள் முதல் தூள், இரண்டாம் தூள் என்றார்கள். படித்தவன் அப்படி எழுதலாமா? யோசித்து, 'பவுடர் நம்பர் 1' என்று எழுதினேன். டீமேக்கர் ஐயா அதை வெட்டி, மேலே இங்கிலீஷ் எழுத்தில் 'தூள்' என்றே எழுதினார். தேயிலை இங்கிலீஷில் அதற்குப் பெயரே அதுதானாம். டி, எச், ஓ, ஓ, எல்.

அடுத்த வரியில் நானே எழுதினேன். எச்சை விட்டுவிட்டேன்.