கப்பல் ஏற அரை நாள்

கேள்வி: மதுரையிலிருந்து மச்சான் வருகிறார். சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறுவதற்கு முன் அரை நாள் இருக்கிறதாம். ‘உங்க வண்ணாரப்பேட்டையில பார்க்க என்ன மாப்ளே இருக்கு?’ என்று நக்கலடிக்கிறார்!
- ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் ராயபுரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போங்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். மதுரைக்கு ரயில் வந்ததெல்லாம் அப்புறம்!

அடுத்து மாடிப் பூங்கா. பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஹைதர் அலிக்கும் பயந்து கிழக்கிந்தியக் கம்பெனி நகரைச் சுற்றி எழுப்பிய மதிலின் மிச்சம் அது. மேலே ஏறினால் புல்தரை, கீழே பழைய செங்கல். அந்த மதில் செலவுக்கு ஊர்மக்களிடம் வரி கேட்டார்கள். நம்மாட்கள் கட்டவில்லை. அந்த மதில் வரியின் (‘வால் டாக்ஸ்’) பெயரில் வால்டாக்ஸ் ரோடு மட்டும் இருக்கிறது. வரி கொடுக்காததற்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

பசித்தால் கடற்கரை ஸ்டேஷன் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸ். வெங்காயம், மொறுமொறு பேஜோ, புளித்தண்ணி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கப்பல் பஃபேயில் அது கிடைக்காது.

எம்.சி. ரோட்டுப் பக்கம் மட்டும் மச்சானை விடாதீர்கள். ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் லீவு முடிகிறவரை உங்கள் வீட்டில்தான்!